ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டம்

சுனீதா: அப்பா பேரா? இந்த வெப்சைட்டுல எதுக்கு மாராயரே அப்பா பேரு?

சந்தேஷ்: எல்லா ஃபார்ம்லயும் வர்றதுதானே அக்கா. பேரு, அப்பா பேரு, விலாசம்…

சுனீதா: சிவப்புப் புள்ளி வேற வச்சிருக்கீங்க. அதை எழுதலேன்னா அடுத்த பக்கமே போக விடாது போலிருக்கு. எஞ்சினியரே, இது சிரிபெட்டு அம்மனோட யக்ஷகான மேளம், விடிய விடியக் கூத்தாடற கோஷ்டி. வேண்டுதல் ஆட்டம் எழுத வர்றவங்ககிட்ட அப்பா பேரைக் கேட்டா, 'ஏன், அவர் வந்து வேஷம் கட்டப் போறாரா'ம்பாங்க.

சந்தேஷ்: சரி சரி… பெங்களூர்ல என் ஆபீஸ் பசங்க செஞ்சது. எடுத்துடறேன்.

சுனீதா: எடுத்துட்டு வீட்டுப் பேர் வைங்க. அம்மா வழி வீடு. துளு நாட்டுல ஒரு ஆளைத் தேடணும்னா அம்மா வீட்டை வச்சுத்தான் தேடணும்.

சந்தேஷ்: தெரியும்.

சுனீதா: பம்பாய்ல பொறந்து வளந்தவர்னு சொன்னீங்களே. எப்படித் தெரியும்?

சந்தேஷ்: … எங்கியோ படிச்சேன்.

சுனீதா: ஓ, படிச்சீங்களா. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

சந்தேஷ்: இந்தா, 'வீடு'ன்னு மாத்திட்டேன். தேடுற பக்கத்துலயும் வீட்டு ஃபில்டர் போட்டாச்சு. ஒரு வீட்டைத் தொட்டா அந்த வீட்டு ஆட்டம் மட்டும் வரும்… உள்ள யாரு பாடறது?

சுனீதா: நம்ம பாகவதர். தூங்குறார்.

சந்தேஷ்: தூங்கிக்கிட்டா பாடறார்?

சுனீதா: ஆறு மாசம் விடிய விடியப் பாடின வாயி. மழை வந்தா ஆட்டம் நின்னுடுது, வாய் நிக்குமா? மத்தியானம் பத்ரொடெ சாப்பிட்டுச் சாஞ்சார்னா நாலு மணி வரைக்கும் இப்படித்தான். நேத்து தூக்கத்துலயே மகிஷாசுரனைக் கூப்பிட்டார். சமையக்கட்டுலேர்ந்து, மகிஷாசுர வேஷம் கட்டற நம்ம பட்டர், 'இதோ வந்தேன்'னு குரல் குடுக்கிறார்.

சந்தேஷ்: ஹஹ்ஹா… இந்த மழை, அந்தப் பாட்டு… எனக்கே கண்ணு சொருகுது அக்கா. ஓட்டு மேல பெய்யற மழையைக் கேட்டு எத்தனை வருஷம்…

சுனீதா: பம்பாய்ல ஓட்டு வீட்டுலயா இருந்தீங்க?

சந்தேஷ்: … தேதிக்கு வாங்க. தேதிக் கட்டத்துல ஏதோ தகராறுன்னீங்களே?

சுனீதா: தகராறா? என்னைத் திட்டுது! அஞ்சு வருஷத்துக்கு மேல எந்தத் தேதியை எழுதினாலும் 'செல்லாது, செல்லாது'ங்குது. எங்க வரிசை ரெண்டாயிரத்து நாப்பத்தொன்பது மே மாசம் வரைக்கும் நிக்குது.

சந்தேஷ்: நாப்பத்தொன்பதா!

சுனீதா: ராத்திரிக்கு ஒரு ஆட்டம், நேர்ந்துக்கிட்டவங்க சொல்ற இடத்துல போய் ஆடணும். மழைக்காலம் போக வருஷத்துக்கு நூத்தி எண்பது. இன்னிக்கு வந்து எழுதறவங்களுக்கு இருபத்திநாலு வருஷம் கழிச்சுத்தான் முறை.

சந்தேஷ்: அன்னிக்கு ஆடப்போறவன் இன்னும் பொறந்தே இருக்க மாட்டான்.

சுனீதா: பொறந்திருப்பான். எங்கியோ ஒரு தொட்டில்ல கெடந்து காலை உதைச்சுக்கிட்டிருப்பான். அந்த உதைதான் அன்னிக்கு மேடையில விழும்.

சந்தேஷ்: இவ்வளவு வருஷம்னு தெரிஞ்சும் எழுதறாங்களா?

சுனீதா: எழுதிட்டு, எதிர்த்த கடையில ஒரு கஷாயம் குடிச்சுட்டு, அம்மாடான்னு வீட்டுக்குப் போவாங்க. முறை எப்ப வந்தா என்ன? வரிசையில பேரு நிக்குதுல்ல?

சந்தேஷ்: நான் மத்தியானம் கொஞ்சம் அசந்துட்டேன் அக்கா. இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே. கனவுல இந்தப் பட்டியல் ஓடிக்கிட்டே இருக்கு. தேதி மேல தேதி. ஒவ்வொரு தேதியிலயும் அறுத்த வயலு, நாலு விளக்கு, நாக்காலி வரிசை. எல்லாத்துலயும் ஜனம். முன்னால ஒரே ஒரு நாக்காலி மட்டும் காலி. நான் கீழ தள்ளத் தள்ள, அடுத்த வயல்லயும் அதே நாக்காலி…

சுனீதா: முன் நாக்காலி நேர்ந்துக்கிட்டவங்களுக்கு.

சந்தேஷ்: ம்.

சுனீதா: அதுவும் படிச்சதா?

சந்தேஷ்: … அடுத்து 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம். எதுக்காக வேண்டிக்கிட்டாங்கன்னு உங்க புஸ்தகத்துல ரெண்டு வரி எழுதியிருக்கீங்களே, அது. அதையும் தேடுற மாதிரி வச்சுடலாமா?

சுனீதா: கூடவே கூடாது.

சந்தேஷ்: ஏன்? நல்லாத்தானே இருக்கும். நானே படிச்சுச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். 'காணாமப் போன எருமை தானா வந்தா ஒரு ஆட்டம்.' 'மருமக என்கூட மறுபடி பேசினா ஒரு ஆட்டம்.'

சுனீதா: அந்த அம்மாவா? மருமக பேச ஆரம்பிச்சுட்டா. இப்ப அவ கொஞ்சம் நிறுத்தினா இன்னொரு ஆட்டம்னு எழுதியிருக்காங்க.

சந்தேஷ்: ஹஹ்ஹா!

சுனீதா: சிரிக்கிறீங்கல்ல? ஊரும் சிரிக்கும். அதுக்குத்தான் வேண்டாங்கறேன். சாமிகிட்ட சொன்னதை எங்கிட்ட சொன்னாங்க, நான் எழுதினேன். அந்தந்த வீட்டு ஆள் வந்து கேட்டா அவங்களுக்கு மட்டும் படிச்சுக் காட்டுவேன். வேற யார் கேட்டாலும், கமிட்டித் தலைவரே கேட்டாலும், கெடையாது.

சந்தேஷ்: சரி… வெளிப் பக்கத்துல மறைச்சுடறேன். அட்மின் பக்கத்துல, உங்க கண்ணுக்கு மட்டும் தெரியும். போதுமா?

சுனீதா: அது சரி. அட்மின் பக்கம்னதும் ஞாபகம் வருது. இங்க ஓரமா 'அதிகம் தேடப்பட்டவை'ன்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே, என்ன அது?

சந்தேஷ்: ஜனங்க எதைத் தேடறாங்கன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு.

சுனீதா: ஜனங்களுக்கு இன்னும் திறந்தே விடலியே. இப்ப உள்ள இருக்கறது நீங்களும் நானும்தான்.

சந்தேஷ்: ஆமா.

சுனீதா: 'நெல்லிமார்.' முப்பத்தோரு தடவை. நான் தேடல எஞ்சினியரே.

சந்தேஷ்: டெஸ்ட். சும்மா ஒரு வீட்டுப் பேரைப் போட்டு… ஃபில்டர் வேலை செய்யுதான்னு பாக்க…

சுனீதா: அஞ்சாயிரத்து அறுநூறு பதிவு இருக்கு. அதுல இல்லாத ஒரு வீடாப் பாத்து முப்பத்தோரு தடவை டெஸ்ட்டு. கெட்டிக்காரர்தான்.

சந்தேஷ்: அஞ்சாயிரத்து அறுநூறு இல்ல. ஒண்ணு கம்மி. ஆயிரத்து முந்நூத்திப் பதினொண்ணுக்கு அப்புறம் நேரா பதிமூணு. பன்னெண்டு ஏறவே இல்ல. அதைத்தானே நான் மூணு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்! பக்கம் பக்கமா போட்டோ அனுப்பினீங்க. அந்தப் பக்கத்துல மட்டும், அந்த ஒரு வரி மேல, உங்க கட்டைவிரல்.

சுனீதா: கை தவறிப் போச்சு.

சந்தேஷ்: மறுபடி அனுப்புங்கன்னேன். மறுபடியும் கட்டைவிரல்.

சுனீதா: புதுப் போனு.

சந்தேஷ்: மூணாவது தடவையும்! என் பசங்க அந்த விரலுக்குப் பேரே வச்சுட்டானுங்க. கடைசியில, நேர்ல போயே புஸ்தகத்தைப் பாத்துடலாம்னு நான் பஸ் ஏறினேன். வந்து அஞ்சு நாளாச்சு. கேக்கறப்பெல்லாம் சாவி பட்டர்கிட்டங்கறீங்க. பட்டரைக் கேட்டா உங்ககிட்டங்கறார்.

பாகவதர்: அம்மாடி சுனீதா… கடைசிக் காட்சி வந்தாச்சா?

சுனீதா: இன்னும் இல்ல பாகவதரே! தூங்குங்க, எழுப்பறேன்!

சந்தேஷ்: முழிச்சுட்டாரா?

சுனீதா: இல்ல. கனவுலேர்ந்து கேக்கறார். பதில் சொன்னா போதும், அடங்கிடுவார்… மணி என்ன?

சந்தேஷ்: மூணே முக்கால்.

சுனீதா: அஞ்சு மணிக்குக் கமிட்டி உக்காரும். இந்த வருஷப் பட்டியலை இன்னிக்கு முடிவு பண்ணி அச்சுக்குக் குடுக்கணும். ஆயிரத்து முந்நூத்திப் பதினொண்ணுக்கு நவம்பர் இருபத்தெட்டு. பதிமூணுக்கு முப்பது. நடுவுல இருபத்தொன்பது காலியா கெடக்கு. அந்த வீட்டு ஆள் வந்து 'என்னுது'ன்னு சொல்லலேன்னா, தேதி அடுத்த வீட்டுக்குப் போயிடும். இருபத்திநாலு வருஷம் வரிசையில நின்னது அழிஞ்சுடும்.

சந்தேஷ்: அப்ப புஸ்தகத்தைக் குடுங்க அக்கா! யாரு வீடுன்னு பாத்துச் சொல்லி அனுப்பலாம்ல?

சுனீதா: அந்த வீட்டு ஆளுக்குத்தான் காட்டுவேன்னு சொன்னேனே. நீங்க எந்த வீடு?

சந்தேஷ்: …

சுனீதா: மழை ஜாஸ்தியாயிடுச்சு. காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க.

சந்தேஷ்: நான் இன்னும் சொல்லவே இல்லியே.

சுனீதா: அதான் விழல.

சந்தேஷ்: … நெல்லிமார்.

சுனீதா: யாரு மகன்?

சந்தேஷ்: நெல்லிமார் ஜலஜா மகன். போதுமா? பம்பாயைக் கண்ணாலகூடப் பாத்ததில்ல. இங்கேர்ந்து மூணு கல்லு தூரத்துல பொறந்தேன். பதினேழு வயசுல எங்கப்பா அருவாளைத் தூக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் துரத்தினார். அன்னிக்குப் போனவன்.

சுனீதா: உக்காருங்க. எதுக்கு எழுந்துட்டீங்க? … இந்தாங்க, தண்ணி.

சந்தேஷ்: இந்த வேலைக்கு நீங்க கூப்பிட்டப்ப, என்ன ஏதுன்னுகூடக் கேக்காம ஒத்துக்கிட்டேன் தெரியுமா? 'சிரிபெட்டு அம்மனுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்டா'ன்னு அம்மா ஒரே ஒரு தடவை போன்ல சொன்னா. என்னன்னு கேட்டேன், சொல்லல. என்னைப் பத்தித்தான் இருக்கும்னு தெரியும். நல்லதா இருக்காதுன்னும் தெரியும்.

சுனீதா: ஏன் நல்லதா இருக்காது?

சந்தேஷ்: அவளுக்கு என்மேல கோவம் அக்கா. விட்டுட்டு ஓடினவன்தானே நான்? சனிக்கிழமை சனிக்கிழமை ரேஷன் கடை போன்லேர்ந்து பேசுவா. வரட்டுமான்னு ஒவ்வொரு தடவையும் கேப்பேன். 'இப்ப வராதே.' ஆத்துல வெள்ளம், வராதே. பஸ்ஸு நின்னுடுச்சு, வராதே. மாடு கன்னு போட்டிருக்கு, வராதே… இருபத்திரெண்டு வருஷம்! ஒரு தடவைகூட வாடான்னு சொல்லல. போன ஆடிக்கு முந்தின ஆடியில செத்துப்போனா. எனக்குத் தெரிஞ்சு ஓடி வந்தா எல்லாம் முடிஞ்சிருந்தது. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டார் அந்த மனுஷன். இப்ப அவரும் இல்ல, கேக்கறதுக்கு வேற ஆளும் இல்ல. அம்மா என்னைப் பத்தி என்ன நெனச்சான்னு எழுதின ஒரே இடம் உங்க புஸ்தகம்தான். அது மேல உங்க கட்டைவிரல்!

சுனீதா: … அந்த ஸ்டூலை நகத்துங்க. மேல் தட்டு, பச்சை அட்டை. பாத்து, கிரீடப் பெட்டி மேல இடிச்சுக்காதீங்க.

சந்தேஷ்: சாவி?

சுனீதா: பூட்டே கெடையாது. எடுங்க.

சந்தேஷ்: … ஆயிரத்து முந்நூத்தி… இதோ. இது… யாரு கையெழுத்து?

சுனீதா: என்னுது. அப்ப எனக்கு இருபத்தோரு வயசு. நான் வேலைக்குச் சேந்த முதல் மழைக்காலம். குடை இல்லாம நனைஞ்சு வந்து நின்னா உங்கம்மா. படிங்க.

சந்தேஷ்: 'வீடு, நெல்லிமார். பேரு, ஜலஜா. இடம்…' இடம்…

சுனீதா: ம். படிங்க.

சந்தேஷ்: 'இடம், மகன் இருக்கும் இடம்.' இது என்ன அக்கா? ஊர் பேரு இல்லியே.

சுனீதா: நானும் அதைத்தான் கேட்டேன். ஊரைச் சொல்லுக்கான்னேன். 'மங்களூர்ல ஹோட்டல்ல இருக்கான், அடுத்த மாசம் எங்க இருப்பானோ தெரியாது, அவன் இருக்கற இடம்னு எழுது'ன்னா. சின்னப் பொண்ணுதானே நான், அப்படியே எழுதிட்டேன். கீழ குறிப்பு இருக்கு.

சந்தேஷ்: … எனக்குக் கண்ணு தெரியல. நீங்களே படிங்க.

சுனீதா: படிக்கவே வேண்டாம், மனப்பாடம். 'அவன் வந்தா இவர் வெட்டுவார். நான் போனா இவர் விட மாட்டார். அம்மன் ஆட்டம்னா நேர்ந்தவ போய்த்தானே ஆகணும். யாரும் தடுக்க முடியாதே. அன்னிக்கு ஒரு ராத்திரி அவன் பக்கத்துல உக்காந்து பாக்கணும்.' சவுக்கியில, வேஷம் கட்டற கொட்டகையில, பூஜை முடிஞ்சதும் பிரசாதம் நேர்ந்தவங்க கையிலதான் குடுப்போம். அவங்க வராம ஆட்டம் தொடங்காது. இந்த ஊர்ல எவ்வளவு பெரிய முரடனும் அதுக்குக் குறுக்க நிக்க மாட்டான். உங்கம்மா அதைப் புடிச்சுக்கிட்டா. பழைய புஸ்தகத்துப் பேரெல்லாம் முடிஞ்சு இதுக்கு வர இருபத்திநாலு வருஷம் ஆகும்க்கான்னு சொன்னேன். 'ஆகட்டும், நிக்கிறேன்'னா.

சந்தேஷ்: என்னைப் பாக்க வர்றதுக்கா… வரிசையில நின்னா?

சுனீதா: ஒவ்வொரு ஆடியிலயும் வந்து கேப்பா. 'இன்னும் எத்தனை பேர் இருக்காங்க எனக்கு முன்னாடி?' நான் எண்ணிச் சொல்வேன். குறைஞ்சுட்டே வருதேன்னு அவ்வளவு சந்தோஷம். நீங்க பெங்களூர் போனப்பதான் ஆடிப்போயிட்டா.

சந்தேஷ்: ஏன்?

சுனீதா: மேளம் மலை தாண்டாது மாராயரே. கடற்கரைக்கும் மலைக்கும் நடுவுலதான் ஆட்டம். எந்தக் காலத்து விதியோ, கமிட்டி அசையாது. 'மகன் மலை மேல ஏறிட்டானே, ஆட்டம் எப்படி ஏறும்'னு இந்தப் பெஞ்சுல உக்காந்து அழுதா. 'இறங்கி வாடான்னு ஒரு வார்த்தை சொல்லேன்க்கா'ன்னேன். 'அந்த அருவா இருக்கற வரைக்கும் சொல்ல மாட்டேன்'னுட்டா.

சந்தேஷ்: கோவம் இல்லியா அப்ப… கோவமே இல்லியா?

சுனீதா: அழுங்க. பாகவதர் பாடறார், வெளிய கேக்காது.

சந்தேஷ்: மணி என்ன அக்கா?

சுனீதா: நாலு இருபது.

சந்தேஷ்: தள்ளுங்க. பதிவை ஏத்தறேன். வீடு, நெல்லிமார். பேரு, ஜலஜா. தேதி, நவம்பர் இருபத்தொன்பது. இடம்… சே!

சுனீதா: என்ன?

சந்தேஷ்: ஏத்துக்க மாட்டேங்குது. 'பட்டியலில் உள்ள ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.' நூத்தி நாப்பது ஊரை நான்தான் அடைச்சு வச்சேன், வேற எதையும் எழுத விடாதேன்னு. யாரும் தப்பா எழுதிடக் கூடாதாம். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

சுனீதா: பிரசாதம் குடுக்கற இடத்துல உக்காந்துக்கிட்டு செருப்பைப் பத்திப் பேசாதீங்க. மாத்த முடியுமா, முடியாதா?

சந்தேஷ்: ரெண்டு நிமிஷம். பட்டியலைத் தூக்கிட்டு வெறும் கட்டமா வச்சுடறேன். யார் எதை எழுதினாலும் வாங்கிக்கும்… இதோ. 'மகன் இருக்கும் இடம்.' சேமி… ஏறிடுச்சு அக்கா. ஏறிடுச்சு!

சுனீதா: இப்பத் தேடிப் பாருங்க. முப்பத்திரெண்டாவது தடவை.

சந்தேஷ்: நெல்லிமார்… ஒண்ணு. ஒரே ஒரு ஆட்டம். ஜலஜா… அவ பேரு திரையில எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க.

சுனீதா: எழுத்தைப் பெருசாக்குங்க. நீங்கதானே எஞ்சினியர்.

சந்தேஷ்: ஆனா கமிட்டி கேக்குமே. மகன் இருக்கும் இடம்னா எங்கன்னு?

சுனீதா: கேக்கட்டும். மகன் இப்ப எங்க இருக்கார்?

சந்தேஷ்: இங்க… சிரிபெட்டுல. உங்க முன்னாடி.

சுனீதா: மலைக்கு மேலயா, கீழயா?

சந்தேஷ்: கீழ.

சுனீதா: அப்ப விதிக்கு உட்பட்டதுதான். நவம்பருக்குள்ள நெல்லிமார் வயல்ல அறுப்பு முடிஞ்சிருக்கும். முன் நாக்காலி ரெண்டு போடச் சொல்றேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு காலியா இருக்கட்டும். யாரையும் உக்கார விடாதீங்க.

சந்தேஷ்: … அக்கா, ஒண்ணு கேக்கறேன். பெங்களூர்ல இத்தனை கம்பெனி இருக்கு. இந்த வேலை எனக்கு எப்படி வந்தது? அஞ்சு நாளா அம்மனே குடுத்ததுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்.

சுனீதா: அம்மனுக்கு உங்க கம்பெனி பேர் எப்படித் தெரியும்? ரேஷன் கடை விலாசத்துக்கு நீங்க தபால்ல அனுப்பின கார்டை உங்கம்மா தாலிச்சரட்டோட முடிஞ்சு வச்சிருந்தா. எழுத்தெல்லாம் மஞ்சள் பட்டு மங்கிப் போய். கடைசி ஆடியில வந்தப்ப அதை எங்கிட்ட குடுத்துட்டுப் போனா. நான்தான் கமிட்டிகிட்ட சொன்னேன்.

சந்தேஷ்: அப்ப நான் யாருன்னு முதல் நாளே தெரியுமா? அப்புறம் எதுக்கு இந்த மூணு மாசம்? முதல் தடவையே அந்த வரியை ஒழுங்கா அனுப்பியிருந்தா…

சுனீதா: அனுப்பியிருந்தா பெங்களூர்ல உக்காந்துக்கிட்டே ஏத்தி முடிச்சிருப்பீங்க. மேளம் மலை ஏறாது எஞ்சினியரே, மகனைத்தான் கீழ இறக்கணும். அந்தக் கட்டைவிரல் மூணு தடவையும் தவறி விழல. வச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டுத்தான் போட்டோ எடுத்தேன்.